க்ளட்ச் பிடித்தால் நிற்கிற சத்தம்

அந்தத் தெருவில் மெக்கானிக்குக்கு "வாயில காட்டு" என்று பெயர் விழுந்து வெகுகாலமாகிறது. கேலிப் பெயர்தான், ஆனால் நியாயமான கேலி. வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது என்று யார் வந்து நின்றாலும் சரி, எவ்வளவு பெரிய மனுஷராக இருந்தாலும் சரி, இவர் உடனே வண்டியைத் தொட்டுவிட மாட்டார். அழுக்குத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, "எப்படிக் கேக்குது? வாயில காட்டுங்க" என்பார்.

வந்தவர் பாடு திண்டாட்டம். ஒரு தடவை வங்கி மேனேஜர் ஒருவர், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து, "அது வந்து... கொஞ்சம் கரகரன்னு..." என்று இழுத்தார். "கரகரன்னா? சளி பிடிச்ச தொண்டை மாதிரியா, மரத்தை ராவுற மாதிரியா?" என்று இவர் விடாமல் குடைய, மனுஷர் வேறு வழியில்லாமல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நடுத்தெருவில் "க்ர்ர்க்... க்ர்ர்க்... க்ர்ர்க்" என்று செய்து காட்டினார். எதிர் சலூனில் பாதிச் சவரத்தில் இருந்த ஆள் நுரையோடு எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார். மேனேஜர் காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது. மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. "செயின் மாட்டுற ஸ்ப்ராக்கெட் பல்லு தேஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்தார். கவரைக் கழற்றிப் பார்த்தால் பல் தேய்ந்துதான் இருந்தது.

சும்மா சொல்லக் கூடாது, இந்த முறையில் ஒரு சூட்சுமம் இருக்கத்தான் செய்தது. பழைய வண்டி இருக்கிறதே, அது சரியான கள்ளி. வீட்டிலிருந்து வருகிற வழியெல்லாம் கத்தித் தீர்த்துவிட்டு, மெக்கானிக் முகத்தைப் பார்த்ததும் கப்சிப் என்று ஆகிவிடும். அப்புறம் யாரைக் கேட்பது? ஓட்டுகிறவரைத்தான் கேட்க வேண்டும். அவரோ, "லேசா வருது", "எப்பவாவது வருது" என்று தன் மனசுக்குத் தோதாகச் சொல்லுவார். வாயால் சத்தம் போட்டுக் காட்டும்போது மட்டும் யாருக்கும் மழுப்ப வராது என்பது இவர் கட்சி.

ஒரு புதுமாப்பிள்ளை வண்டி "கீச் கீச்" என்று கத்துகிறது என்று வந்தான். தனியாகப் போனால் கத்தாதாம், மனைவி பின்னால் ஏறினால் மட்டும் கத்துமாம். அந்தப் பெண் அதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கே போய்விட்டாளாம். பின்சக்கரம் தாங்கும் தண்டில் இரண்டு புஷ் காய்ந்து கிடந்தன, பாரம் கூடினால் கீச்சிடும், அவ்வளவுதான். கிரீஸ் தடவி அனுப்பினார். அடுத்த வாரம் இரண்டு பேரும் ஒன்றாகவே கடை முன்னால் வந்து நின்று, சத்தம் இல்லாததைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

சத்தத்தைக் கேட்கும்போது இவர் வேறு எங்கோ போய்விடுவார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதெலும்பில் பதித்து, கண்ணை மூடிவிட்டால் முடிந்தது கதை. முதலில் ஒரே இரைச்சலாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் அந்த இரைச்சல் பிரிய ஆரம்பிக்கும். மேலே வால்வுகள் தட்டுகிற சின்னச் சத்தம் தனியாக வரும். அதற்குக் கீழே செயின் ஓடுகிற சரசரப்பு. இன்னும் கீழே, அடி ஆழத்தில், கிராங்க் சுற்றுகிற ஹூம்ம்ம் என்ற முனகல். அந்த முனகல் வரைக்கும் போய்விட்டால் வெளியே மழை பெய்தாலும் தெரியாது. வெயில் தகரக் கூரையிலிருந்து இறங்கி, எண்ணெய்க் கறை பிடித்த தரையில் நகர்ந்து, இவர் முழங்கால் மேல் ஏறி, தோளையும் தாண்டிப் போயிருக்கும். இவர் அப்படியே இருப்பார். முகத்தில் தூங்குகிற பிள்ளையின் களை இருக்கும்.

மனைவிக்கு இதில்தான் ஆத்திரம். கடையின் முன்பக்கத்தில் ஒரு கவுண்டர் போட்டு, பல்பு, கேஸ்கெட், கேபிள், நட்டு போல்ட்டு விற்கிறது அவள்தான். "ஊரான் வண்டி முனகினா உங்களுக்குக் கேக்குது. கட்டினவ தொண்டை கிழியக் கத்தினா கேக்க மாட்டேங்குது" என்பாள். "நீ என்ன சத்தம் போட்டாலும் எங்கே ரிப்பேர்னு எனக்குத் தெரியுமே" என்பார் இவர். "ஆமா, தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? சரி பண்ணத்தான் தெரியலையே" என்று அவள் ஒரே போடாகப் போடுவாள். கடையில் காத்திருப்பவர்கள் சிரித்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்கள்.

இப்படிப்பட்ட மனுஷருக்கு ஓர் அண்ணன் உண்டு. பத்து வயசு மூத்தவர். குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் பார்க்கிற வேலை. வீடு வீடாகப் போய், வாசலில் குனிந்து, மீட்டர் மூடியைத் திறந்து, எண்ணைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். அலுங்காமல் பேசுவார், அளந்து பேசுவார். காரியம் இல்லாமல் ஒருத்தர் வீட்டு வாசலை மிதித்ததில்லை. அப்பா சின்ன வயசிலேயே போய்விட்டதால் தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர் அவர்தான். தம்பி பள்ளிக்கூடம் முடித்ததும், யார் யார் கையையோ காலையோ பிடித்து, தன் ஆபீஸிலேயே ஒரு வேலை வாங்கிக் கொடுத்தார். தம்பி ஒரு வாரம் போனார். எட்டாம் நாள் காணோம். தேடிப் பார்த்தால் ஒரு பட்டறையில், கரி பூசின முகத்தோடு, ஏதோ ஓர் எஞ்சினில் காதை வைத்துக்கொண்டு கிடந்தார்.

அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "உன் இஷ்டம்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அந்த வார்த்தை இரண்டு பேருக்கும் நடுவில் அப்படியே நின்றுவிட்டது. சண்டை இல்லை, கல்யாணம் காட்சிக்கு வரப் போக இருந்தார்கள். பேச்சுதான் இல்லை. "சாப்பிட்டியா", "ம்", "பசங்க எப்படி இருக்காங்க", "இருக்காங்க". பாழாய்ப்போன ரோஷம், ஆளுக்கு ஒரு கூடை வைத்திருந்தார்கள்.

பல வருஷம் கழித்து அண்ணன் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார். பச்சை நிறம், கனத்த டேங்க், கிளப்பினால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அதை எங்கே கொண்டுபோய் விடுவார்? தம்பி கடைக்குத்தான். மாசத்துக்கு ஒரு தடவையாவது அந்த வண்டிக்கு ஏதாவது வந்துவிடும். ஆயில் ஒழுகும், செயின் தளரும், பிளக் கறுக்கும். அண்ணன் வந்து ஸ்டூலில் உட்காருவார். தம்பி வேலை பார்ப்பார். "டேப்பெட் டைட் பண்ணணும்ண்ணே." "பண்ணு." "ஆயில் மாத்திடலாமா?" "மாத்து." இவ்வளவுதான் பேச்சு. வேறு யாராவது கேட்டால் கொட்டாவி விடுவார்கள். ஆனால் மெக்கானிக்குக்கு அந்த ஒரு மணி நேரம் போதும். அண்ணன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார் என்கிற நினைப்பே அன்றைக்குக் கையை லேசாக்கிவிடும். மனைவி கண்டுபிடித்துவிடுவாள். "இன்னைக்கு மாமா வந்தாரா? முகத்துல பல்பு எரியுதே" என்பாள். புருஷனின் அண்ணனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவது.

அந்த அண்ணன்தான் ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு, "ஒரு சத்தம் வருது. பிடிபடலை. இது நிக்கலைன்னா வண்டிய வித்துடப் போறேன். ஒரு ஆள் கேட்டுக்கிட்டே இருக்கான்" என்றார்.

வண்டி போய்விட்டால் அண்ணன் பஸ்ஸில் போவார். பஸ்ஸில் போகிறவருக்கு மெக்கானிக் எதற்கு? அப்புறம் எப்போதாவது யார் வீட்டு விசேஷத்திலாவது பார்த்து, "சாப்பிட்டியா", "ம்". அவ்வளவோடு சரி. வண்டிச் சத்தம் அடங்கினால்தான் அண்ணன் வரத்து நிற்காது என்று இவருக்கு அந்த நிமிஷமே தெளிவாகத் தெரிந்துவிட்டது.

"வாயில காட்டுங்கண்ணே" என்றார், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

அண்ணன் சங்கடப்பட்டார். ஆனாலும் செய்தார். "டிக் டிக் டிக் டிக்."

"எப்ப வருது?"

"டாப் கியர் போட்டு, ரோடு காலியா இருந்து, சீரா போறேன் பாரு, அப்ப வருது. க்ளட்ச் பிடிச்சா நின்னுடுது. விட்டா கொஞ்ச நேரத்துல திரும்ப வருது."

க்ளட்ச் பிடித்தால் நிற்கிறது! மெக்கானிக்குக்கு உயிர் வந்தது. இதைவிட நல்ல சாட்சி வேறு என்ன வேண்டும்? கோளாறு க்ளட்ச்சில்தான். வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போனார். சத்தம் வரவில்லை. கள்ளி, நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். கவரைக் கழற்றி, பிளேட்டுகளை எடுத்துத் துடைத்து, அவை உட்காரும் கூடையில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, சந்தேகத்துக்கு ஒரு பேரிங்கையும் மாற்றினார். அண்ணன் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "அப்படியேதான் இருக்கு."

"வேகமாப் போனா சத்தமும் வேகமாகுதா?"

"வேகமாப் போனாலும் டிக் டிக் டிக்தான். மெல்லப் போனாலும் டிக் டிக் டிக்தான்."

மெக்கானிக் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணனுக்குத் தாளமும் தெரியாது, ராகமும் தெரியாது, குளிக்கும்போதுகூட வாய்விட்டு ஒரு பாட்டுப் பாடினதில்லை. அவருக்கு எல்லாச் சத்தமும் ஒன்றுதான் என்று விட்டுவிட்டார். எத்தனையோ பேர் வாயை நம்பின மனுஷர், சொந்த அண்ணன் வாயை மட்டும் நம்பவில்லை பாருங்கள். எனக்கு இதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

அடுத்த வாரம் டைமிங் செயினைப் பிரித்தார். அதற்கடுத்த வாரம் முன்சக்கரத்தைக் கழற்றினார். ஸ்பீடோ கேபிள், டேங்கின் ரப்பர், மட்கார்டு, ஸ்டாண்டின் ஸ்ப்ரிங் என்று ஒன்று விடவில்லை. இவர் ஓட்டினால் வண்டி தேனாக ஓடியது. அண்ணன் ஓட்டினால் டிக் டிக் டிக். ராத்திரி படுத்தால் கனவில்கூட அந்த வண்டி எஞ்சின் இல்லாமல், சக்கரம் இல்லாமல், வெறும் சத்தமாகத் தெருவில் போய்க்கொண்டிருந்தது. இவர் பின்னாலேயே ஓடுவார், பிடிக்க முடியாது.

ஒரு நாள் சாயங்காலம் மனைவி கவுண்டரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "ஏங்க, நீங்க இவ்வளவு மக்கா? சத்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மாமாவுக்குத் தம்பியப் பாக்கணும்னு இருக்கு. வாயைத் திறந்து சொல்ல வரலை. சத்தம் சத்தம்னு வாரா வாரம் வர்றாரு. முன்னல்லாம் மாசத்துக்கு ஒரு தடவைதானே வருவாரு?"

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். அட, ஆமாம்! தனக்குத் தோன்றவே இல்லையே! அண்ணனுக்கு வயசாகிறது, மனசு இளகுகிறது, தம்பியைத் தேடுகிறது. அதுதான் அந்த டிக் டிக். நினைக்க நினைக்க இவருக்குள்ளே ஏதோ வெதுவெதுவென்று பரவியது. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகும்போது தெருவிளக்குகளைச் சுற்றிப் பூச்சிகள் பறப்பதைக்கூட நின்று பார்த்தார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள்தான் இவர் வாழ்க்கையிலேயே நல்ல வாரங்கள் என்று சொல்ல வேண்டும். இவர் சத்தத்தைத் தேடுவதை நிறுத்திவிட்டார்! அண்ணன் வந்தால் சும்மா ஒரு கவரைக் கழற்றுவார், துடைப்பார், மாட்டுவார். நடுவில் டீ வரும். "இன்னும் பார்க்கணும்ண்ணே. அடுத்த வாரம் கொண்டாங்க." அண்ணனும் தலையாட்டுவார். மத்தியான வெயில் தகரத்தைச் சுடும், எதிர் சலூனில் கத்தரி சப்தம் ஓயாமல் கேட்கும், டீ ஆறும். அண்ணன் மெள்ள மெள்ளப் பேச ஆரம்பித்தார். எந்தத் தெருவில் தண்ணீர் வருவதில்லை, எந்த வீட்டு நாய் மீட்டர் பக்கம் விடுவதில்லை, மீட்டரைத் திறந்தால் உள்ளே தவளைக் குட்டி குடியிருந்த கதை. இவர் அரைக்கண் மூடி, எஞ்சினைக் கேட்கிற மாதிரியே அண்ணன் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பார். அண்ணன் பேசும்போது மோதிரம் போட்ட இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருப்பார். குளிருக்கு அடக்கின மாதிரி. இவர் அதைப் பார்த்தார். பார்த்தும் பார்க்காமல் இருந்தார்.

ஆனால் ஒரு நாள் அண்ணன் எழுந்து நின்று சொன்னார். "போதும் விடு. நீயும் எவ்வளவுதான் பாப்பே. அந்த ஆளை வரச் சொல்லிட்டேன். சனிக்கிழமை வந்து வண்டிய எடுத்துக்கறேன்னான்."

இவர் திகைத்துப் போனார். பார்க்க வருவதற்குச் சாக்கு என்றால், சாக்கை யாராவது விற்பார்களா? அண்ணன் முகத்தைப் பார்த்தார். அதில் விளையாட்டு இல்லை. பயம் இருந்தது. அறுபதை நெருங்குகிற மனுஷர், ஒரு வண்டிச் சத்தத்துக்கா இப்படிப் பயப்படுவார்?

"அண்ணே, ஒரே ஒரு தடவை" என்றார். "நீங்க ஓட்டுங்க. நான் பின்னால உக்காந்து வர்றேன்."

இத்தனை வாரத்தில் இது ஏன் தோன்றவில்லை என்று கேட்கிறீர்களா? பட்டறைக்காரர்கள் அப்படித்தான். வண்டியை வாங்கி ஓட்டிப் பார்ப்பார்கள், பின்சீட்டில் ஏறி உட்கார மாட்டார்கள். மெக்கானிக் பின்னால் உட்கார்ந்து போனால் கௌரவக் குறைச்சல் என்று ஒரு நினைப்பு. எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறதோ தெரியவில்லை!

சாயங்காலம், வெயில் சாய்ந்த நேரம். ஊருக்கு வெளியே கால்வாயை ஒட்டி ஒரு ரோடு நேராகப் போகும். இரண்டு பக்கமும் உயரமான மரங்கள். வெளிச்சம் இலைகளுக்கு நடுவில் விட்டு விட்டு விழுந்தது. அண்ணனின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்ததும் மெக்கானிக்குக்கு என்னமோ போல் ஆனது. பள்ளிக்கூட நாளில் சைக்கிளின் பின்கேரியரில் உட்கார்ந்து இந்த முதுகில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டே போனது ஞாபகம் வந்தது. அதே முதுகுதான், கொஞ்சம் குறுகியிருந்தது. சட்டையில் அதே சோப்பு வாசனை. இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

டாப் கியர் விழுந்தது. முதலில் எல்லாம் ஒரே இரைச்சல். காற்று, டயர், சைலன்சர். இவர் ஒவ்வொன்றாக ஒதுக்கினார். காற்றை ஒதுக்கினார். டயரை ஒதுக்கினார். சைலன்சரின் தடதடப்பு பின்னால் போய்விட்டது. வால்வுகள் சீராகத் தட்டின. செயின் சரசரத்தது. கிராங்க்கின் முனகல் அடியிலிருந்து சீட்டு வழியாக இவர் எலும்புக்குள் ஏறியது. எல்லாம் சுத்தம். தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கிற மாதிரி இருந்தது. இப்படியே போய்க்கொண்டே இருக்கலாம், எங்கேயும் இறங்க வேண்டாம் என்று தோன்றியது.

அப்போது வந்தது. டிக் டிக் டிக் டிக்.

"கேக்குதா?" என்றார் அண்ணன் திரும்பாமல்.

"கேக்குது. கொஞ்சம் வேகமாப் போங்க."

எஞ்சின் உறுமியது. வால்வுகள் வேகமாயின, செயின் வேகமாயிற்று, முனகல் உச்சத்துக்கு ஏறியது. டிக் டிக் மட்டும் அதே நடையில் வந்தது.

"மெல்லப் போங்க."

எல்லாம் இறங்கின. டிக் டிக் இறங்கவில்லை. அண்ணன் வாயில் காட்டினாரே, அதே நடை, அச்சு மாறாமல். வண்டியில் இருக்கிற ஒரு சின்ன நட்டுகூட வேகத்தோடு மாறும். மாறாமல் இருக்கிற எதுவும் வண்டியில் இல்லை. இந்தச் சத்தம் வண்டியினுடையது இல்லை.

கண்ணைத் திறந்தார். அண்ணன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். வலது கை ஆக்சிலேட்டரை இறுக்கிப் பிடித்திருந்தது. இடது கைக்கு வேலை இல்லை. விரல்கள் க்ளட்ச் லிவர் மேல் சும்மா கிடந்தன. சும்மா எங்கே கிடந்தன? அவை நடுங்கிக்கொண்டிருந்தன. கட்டைவிரலும் மற்ற விரல்களும், எதையோ உருட்டுகிற மாதிரி, ஓயாமல், ஒரே சீராக. மோதிரம் லிவரில் தட்டிக்கொண்டிருந்தது. ஒரு குழி வந்தது. அண்ணன் க்ளட்ச்சை இழுத்துப் பிடித்தார். விரல்கள் இறுகின. நடுக்கம் நின்றது. சத்தமும் நின்றது. க்ளட்ச்சை விட்டார். கொஞ்ச நேரத்தில் திரும்ப ஆரம்பித்தது.

மரங்கள் போய்க்கொண்டே இருந்தன. வெளிச்சம் இரண்டு பேர் மேலும் விழுந்து விழுந்து போனது. அந்த நேரத்தில் இவர் மனசு என்னென்ன கணக்குப் போட்டது என்று சொன்னால் நீங்கள் ஏசுவீர்கள். ஒரே ஒரு வார்த்தை போதும். "அண்ணே, மோதிரம்தான் லிவர்ல இடிக்குது, கழட்டிப் பாக்கெட்ல போட்டுக்குங்க." சத்தம் நின்றுவிடும். சனிக்கிழமை வருகிற ஆளை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வண்டி இருக்கும். ஆயில் ஒழுகும், செயின் தளரும், அண்ணன் வருவார், ஸ்டூலில் உட்காருவார், டீ ஆறும். எவ்வளவு சுலபம்! நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் எதிரே ஒரு மாட்டு வண்டி வந்து, அண்ணன் ஒதுங்கினபோது ஹாண்டில் ஒரு கணம் அலைந்து நேரானது. நாக்கு நுனியில் நின்ற வார்த்தையை இவர் விழுங்கிவிட்டார்.

மெள்ள முன்னால் சாய்ந்து, கையை நீட்டி, அண்ணனின் இடது கை மேல் தன் கையை வைத்து மூடினார்.

சத்தம் நின்றுவிட்டது.

"கண்டுபிடிச்சிட்டியா?" என்றார் அண்ணன். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ஓரமா நிறுத்துங்கண்ணே."

வண்டி நின்றது. எஞ்சின் அணைந்ததும் கால்வாய்த் தண்ணீர் ஓடுகிறது கேட்டது. தவளைகள் கத்த ஆரம்பித்திருந்தன. இரண்டு பேரும் கட்டைச் சுவரில் உட்கார்ந்தார்கள். தம்பி அண்ணன் கையை விடவில்லை. உள்ளங்கைக்குள் அது கூண்டில் பிடித்த குருவி போலத் துடித்துக்கொண்டிருந்தது.

"எங்கேடா சத்தம்?"

"இங்கதாண்ணே."

அண்ணன் தன் கையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, யாரோ பக்கத்தில் இருந்து ஒட்டுக் கேட்டுவிடுவார்கள் என்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். "வண்டி அதிர்ச்சியில கை ஆடுதுன்னு நினைச்சேன். வண்டியில எங்கேயோ என்னமோ தளர்ந்து போயிருக்கு, அந்த உதறல்தான் இறங்கின பிறகும் கையில நிக்குதுன்னு. ராத்திரிகூட ஆடுது. உன் அண்ணிகிட்டகூடச் சொல்லலை. நீ அந்தச் சத்தத்தை மட்டும் கண்டுபிடிச்சிட்டா கையும் சரியாயிடும்னு இருந்தேன். நீயும் பாத்துக்கிட்டே இருந்தே, ஒண்ணும் ஆகலை. சரி, வண்டிய ஒழிச்சுட்டாலாவது நிக்கும்னுதான்..."

இவர் சுகமாக டீ குடித்துக்கொண்டு கவரைத் துடைத்த அத்தனை வாரமும் அண்ணன் எதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. தன்னைத்தானே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது.

"வண்டியில ஒண்ணும் இல்லைண்ணே" என்றார். "வண்டி நல்லா இருக்கு. நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட போலாம். நானும் வர்றேன்."

"கடை?"

"கடை கெடக்கட்டும்."

அண்ணன் தலையாட்டினார். இருட்டத் தொடங்கியிருந்தது. தண்ணீர் மேல் கடைசி வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது. "அப்ப நான் வண்டி ஓட்டக் கூடாதுங்கறே."

"டாக்டர் என்ன சொல்றாருன்னு பாப்போம். அது வரைக்கும் வேண்டாம்ண்ணே."

"விக்க வேண்டியதுதான் கடைசில."

"விக்க வேண்டியதுதான்." சொல்லிவிட்டார். சொன்னதும் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. துடைக்க வேண்டுமானால் அண்ணன் கையை விட வேண்டும்.

அண்ணன் நிறுத்தியிருந்த பச்சை வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ யோசித்தார். கேட்கலாமா வேண்டாமா என்று இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். அப்புறம் கேட்டே விட்டார்.

"வண்டி இல்லைன்னா, உன் கடைக்கு நான் என்னன்னு சொல்லிட்டு வர்றது?"

"சும்மா வாங்கண்ணே."

"சும்மாவா?" என்றார் அண்ணன், அப்படியும் வரலாம் என்று யாரும் இதுவரை தனக்குச் சொல்லவில்லையே என்கிற மாதிரி.